போலீஸ் ரிப்போர்ட் ‘அட்வர்ஸ்’ என்றால் பாஸ்போர்ட் கிடைக்காதா?

கேள்வி: காசிமேட்டில் இருக்கிறோம். ஐ.டி.ஐ. முடித்த என் மகனுக்குக் கத்தாரில் ஃபிட்டர் வேலை வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தோம். போலீஸ் ரிப்போர்ட் ‘அட்வர்ஸ்’ என்று போய், விளக்கம் கேட்டு இங்கிலீஷில் கடிதம் வந்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் திருவிழாவில் நடந்த அடிதடியில் இவன் பெயரையும் சேர்த்தார்கள். ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். “அட்வர்ஸ்னா பிளாக் லிஸ்ட், இருபத்தஞ்சாயிரம் குடுத்தா க்ளியர் பண்ணித் தரேன்” என்கிறார் ஜெராக்ஸ் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அம்மா. அட்வர்ஸ் என்றால் பிளாக் லிஸ்ட் இல்லை. ‘இவரைப் பற்றி எங்களிடம் பாதகமாக ஒரு விஷயம் இருக்கிறது, நீங்கள் விசாரித்து முடிவெடுங்கள்’ என்று போலீஸ் சொல்வது, அவ்வளவுதான். முடிவெடுப்பவர் பாஸ்போர்ட் அதிகாரி. அந்த முடிவு இன்னும் வரவில்லை. வந்திருந்தால் ‘ரெஃப்யூஸ்டு’ என்று கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். ‘இன்கம்ப்ளீட்’ என்று வருவதும் வேறு. வீடு பூட்டியிருந்தது, காகிதம் குறைவு என்கிற கதை அது.

சாதாரண பாஸ்போர்ட்டுக்கு அரசு வாங்கும் கட்டணம் 1,500 ரூபாய். அதைக் கட்டியவருக்கு என்ன பாதகம் என்று நாலு வரி தமிழில் எழுதக் கூடாதா? இங்கிலீஷில் ஒரு கடிதத்தை அனுப்பிவிட்டு ஆபீஸ் கடமையை முடித்துக்கொள்கிறது. அதைப் படித்துச் சொல்கிற சாக்கில்தான் ஜெராக்ஸ் கடைக்காரர் வீட்டுக்குள் வருகிறார். தண்டையார்பேட்டை முதல் எண்ணூர் வரை இந்த வியாபாரம் நன்றாகவே ஓடுகிறது.

அவர் என்ன செய்வார் தெரியுமா? உங்கள் பெயரில் இரண்டு பாரா விளக்கம் டைப் அடித்துத் தருவார். வெள்ளைத் தாளில் தமிழிலேயே நீங்கள் எழுதக்கூடியது அது. கொஞ்சம் துணிந்த ஆளாக இருந்தால், “பொன்னேரியில சித்தி வீட்டு அட்ரஸ்ல புதுசாப் போட்டுடலாம்” என்பார். இதற்கு மட்டும் சம்மதிக்கவே கூடாது. உங்கள் கடிதத்தில் ‘சப்ரஷன் ஆஃப் மெட்டீரியல் இன்ஃபர்மேஷன்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், வழக்கை மறைத்துவிட்டீர்கள் என்று கேட்கிறார்கள். 1967-ம் வருஷத்து பாஸ்போர்ட் சட்டத்தின் 12-வது பிரிவில் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பதும் மறைப்பதும் தனிக் குற்றம். இரண்டு வருஷம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அடிதடி வழக்கில் தப்பித்தவன் பாஸ்போர்ட் வழக்கில் மாட்டுவான். புரோக்கர் மாட்டமாட்டார், ஏனென்றால் அவர் கையெழுத்து எங்கேயும் இருக்காது.

இப்போது உங்கள் மகன் விஷயம். ‘கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்’ என்கிறீர்கள். வடசென்னையில் பாதி வில்லங்கம் இந்த ஒரு வரியில்தான் ஆரம்பிக்கிறது. எதில் கையெழுத்துப் போட்டான்? புகார் வந்ததற்குக் கொடுக்கும் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு போனதா, எஃப்.ஐ.ஆர். போட்டு ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்களா? ஸ்டேஷனில் குற்ற எண்ணை, அதாவது எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் எஃப்.ஐ.ஆரைத் தேடலாம். பிறகு இ-கோர்ட்ஸ் தளத்தில் அதே எண்ணைப் போட்டு, சி.சி. நம்பர், அதாவது வழக்கைக் கோப்பில் எடுத்ததும் நீதிமன்றம் கொடுக்கும் எண், விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் குடியிருந்த வாடகை வீட்டுக்குச் சம்மன் போயிருக்கும், இவர்கள் வேறு தெருவுக்கு மாறியிருப்பார்கள், வழக்கு நடப்பதே தெரியாது.

சி.சி. நம்பர் இல்லை, எஃப்.ஐ.ஆர். மட்டும்தான் என்றால் கவலை வேண்டாம். பாஸ்போர்ட்டை மறுக்க நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருக்க வேண்டும் என்கிறது 6-வது பிரிவு. வெறும் எஃப்.ஐ.ஆர். நிலுவை ஆகாது, நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்திருக்க வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகமே 10.10.2019 தேதியிட்ட குறிப்பில் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு விளக்கம் எழுதுங்கள். அபராதம் கட்டி முடிந்த வழக்கென்றால் தீர்ப்பு நகல் போதும்.

சி.சி. நம்பர் இருந்தால்தான் வேலை அதிகம். அப்போதும் கதவு மூடிவிடவில்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதைத்தான் யாரும் சொல்வதில்லை. 1993 ஆகஸ்ட் 25-ல் மத்திய அரசு ஜி.எஸ்.ஆர். 570 இ என்று ஓர் அறிவிக்கை வெளியிட்டது. வழக்கு நடக்கும் நீதிமன்றமே ‘இவர் வெளிநாடு போகலாம்’ என்று உத்தரவு கொடுத்தால், வழக்கு நிலுவையில் இருந்தாலும் பாஸ்போர்ட் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். கூப்பிட்டால் ஆஜராவேன் என்று உறுதிமொழியும் எழுதித் தர வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘ஆட்சேபணை இல்லை’ என்று மொட்டையாக ஓர் உத்தரவை வாங்கிவருவார்கள். எத்தனை வருஷத்துக்கு பாஸ்போர்ட், எத்தனை காலம் வெளிநாட்டில் இருக்கலாம் என்று இரண்டுமே உத்தரவில் இல்லையென்றால், ஒரே ஒரு வருஷத்துக்குத்தான் பாஸ்போர்ட் தருவார்கள். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கத்தார் போகிறவனுக்கு ஒரு வருஷ பாஸ்போர்ட் எதற்கு? அதனால் மனுவிலேயே வருஷத்தைக் குறிப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள், உத்தரவிலும் அந்த எண் ஏறியிருக்கிறதா என்று நகல் வாங்கும்போதே பாருங்கள். வழக்கறிஞர்களே இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள்; எங்கள் ஆட்களைப் பற்றி நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த நிலையாக இருந்தாலும், கடிதத்தில் கொடுத்த கெடுவுக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். உத்தரவு வரத் தாமதமானால், ‘நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறோம், அவகாசம் வேண்டும்’ என்றாவது எழுதி, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். பேசாமல் இருந்தால் ஃபைலை மூடிவிடுவார்கள். மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கும் உரிமை 5-வது பிரிவில் இருக்கிறது.

நீதிமன்ற மனுவோடு கம்பெனியின் ஆஃபர் லெட்டரையும் சேர்த்து வையுங்கள். எந்த நாடு, எத்தனை வருஷம் என்பது அதில்தான் இருக்கிறது.