மேடைக்கு எழுதுவது: வாசகர் கேள்விகள்

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாகச் சிறுகதை எழுதி வருகிறேன். என் கதை ஒன்றை நாடகமாக்கி ஒரு குழுவிடம் கொடுத்தேன். 'படிக்க நன்றாக இருக்கிறது, போட முடியாது' என்று திருப்பித் தந்துவிட்டார்கள். என்ன குறை இருக்கக்கூடும்?
– சிறுகதை எழுத்தாளர், திண்டுக்கல்

பதில்: உங்கள் பிரதியை நான் பார்த்ததில்லை. ஆனால் என் முதல் நாடகமும் ஏறக்குறைய இதே சொற்களோடுதான் திரும்பி வந்தது என்பதால், ஓரளவு ஊகிக்க முடிகிறது. கதையில், கிணற்றடியில் நனைந்த புடவையோடு வீட்டுக்குள் போன பெண் மறுநாள் கல்யாணப் பந்தலில் பட்டுடுத்தி நின்றாள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம். மேடையிலோ, அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு நடிகை இருட்டில் உள்ளே ஓடி, ஈரப் புடவையை அவிழ்த்து, பட்டைக் கட்டி, தலையைத் துவட்டிப் பூ வைத்துக்கொண்டு, மூச்சு வாங்குவது தெரியாமல் வந்து நிற்கவேண்டும்.

என் நாடகம் ஒன்றில் இப்படியோர் இடம் வந்தது. ஒத்திகையில் கடிகாரம் வைத்துப் பார்த்தோம். நான்கு நிமிடம் ஆயிற்று. சபா அரங்கில் நான்கு நிமிடம் விளக்கணைந்திருந்தால் பாதிக் கூட்டம் கேன்டீனுக்குப் போய்விடும். வேறு வழியின்றி, படுதாவுக்கு முன்னால் ஒரு தபால்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் சும்மா நிற்க முடியாதே! அந்த வீட்டுக்கு வந்த கடிதம் ஒன்றைக் கொடுப்பதா வேண்டாமா என்று வாசலில் தயங்கினார்; பக்கத்து வீட்டுக்காரரிடம் விலாசம் கேட்கிற பாவனையில் வீட்டு நிலவரத்தை விசாரித்தார்; கடைசியில் கடிதத்தைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி போய்விட்டார். புடவை மாற்ற நேரம் வாங்கித் தருவதற்காக வந்த அந்த மனிதரால் நாடகத்தின் பிற்பகுதி முழுவதையும் நான் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. பார்த்தவர்கள் இன்றைக்கும் தபால்காரரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மூன்று மாதம் செதுக்கிச் செதுக்கி நான் எழுதிய தந்தையின் நீண்ட வசனம் ஒருவருக்கும் நினைவில்லை.

ஆகவே உங்கள் பிரதியை எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் மேடையில் யார் யார் இருக்கிறார்கள், பேசாதவர் என்ன செய்துகொண்டிருக்கிறார், வெளியே போகிறவர் எதற்காகப் போகிறார் என்று ஓரத்தில் குறித்துப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் 'அவன் மனம் கசந்தது' என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். அதை நடிகர் எதைச் செய்து காட்டுவார்? பிறகு நண்பர்கள் நால்வரை உட்கார வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் வாயைத் திறக்காமல் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' போட வருகிற நடிகர்கள் அன்றிரவுதான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஒத்திகையே இல்லாமல் விடியவிடிய நடிக்கிறார்கள். இதில் நாடகாசிரியருக்கு என்ன வேலை?
– பள்ளி ஆசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: எல்லா வேலையும் அவருடையதுதான். ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இவ்வகை நாடகத்தில் முருகன் ஓர் ஊரிலிருந்தும் வள்ளி வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு வருகிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்த பாடம் இருவருக்கும் பொதுவாக மனப்பாடம் ஆகியிருப்பதால்தான் அவர்களால் மேடையில் முதன்முதலாகச் சந்தித்தும் தர்க்கம் செய்ய முடிகிறது. எமன், சனீஸ்வரன் முதலிய வேடங்களில் தாமே நடித்த பிறகு எழுத வந்தவர் சுவாமிகள். 1918இல் மதுரையில் தொடங்கிய சிறுவர் நாடக சபைக்கு வாத்தியாராக இருந்து பாடம் சொல்லிக் கொடுத்தவர். நடிகருக்கு எங்கே மூச்சு முட்டும், எங்கே மறதி வரும் என்பது அவருக்குத் தெரியும். தர்க்கத்தில் ஒருவர் கேள்வியின் வாலைப் பிடித்தே மற்றவர் பதில் கிளம்புவதால், கூட்டத்தின் ரசனைக்கேற்ப நீட்டலாம், குறுக்கலாம். எவ்வளவு தூரம் போனாலும் பாட்டின் முதலடியை எடுத்தால் இருவரும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம். நவீன நாடகம் எழுதவந்த நாங்கள் இதைச் சற்று இளக்காரமாகப் பார்த்த காலம் உண்டு. இரண்டு மாத ஒத்திகைக்குப் பிறகும் தடுமாறுகிற பிரதிகளை எழுதிய பின்புதான் எனக்குப் புத்தி வந்தது.

கேள்வி: பொறியியல் வேலையை விட்டுவிட்டு முழுநேர நாடகாசிரியர் ஆகலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வேலையை விடாதீர்கள். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதி, 1891இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் இருந்தவர். கே. பாலசந்தர் ஏ.ஜி. அலுவலகம் எனப்படும் அரசுக் கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே மேடைக்கு எழுதினார். நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். சபா பணம் தருவது குழுவுக்கு. அரங்க அமைப்பு, ஒளி, ஒலி, ஒப்பனை, சாமான் ஏற்றும் வண்டி என்று கொடுத்தது போக மிஞ்சினால்தான் எழுதியவர் பக்கம் வரும்.

கேள்வி: அச்சில் வந்த ஒரு நாடகத்தை எங்கள் கல்லூரியில் போடப்போகிறோம். ஆசிரியர் உயிரோடு இருக்கிறார். அனுமதி வேண்டுமா? கடைசிக் காட்சி பிடிக்கவில்லை, மாற்றலாமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியரின் வாழ்நாளிலும் அவர் இறந்து அறுபது ஆண்டுகள் வரையிலும் உரிமை நிலைக்கிறது. மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டுமே பார்க்கும் கல்லூரி நிகழ்ச்சிக்குச் சட்டம் விலக்களிக்கிறது. சீட்டு விற்றுப் பொதுமக்களுக்குப் போடுவதானால் அனுமதி வேண்டும். நான் சொல்வது, எதுவானாலும் கேட்டுவிடுங்கள் என்பதே.

முடிவை மாற்றுவது வேறு விஷயம். நார்வே நாடகாசிரியர் இப்சன் 1879இல் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்தின் முடிவில் நோரா கணவனையும் குழந்தைகளையும் விட்டு வெளியேறுகிறாள். ஜெர்மனியில் அந்த வேடமேற்ற நடிகை, பெற்ற பிள்ளைகளை விட்டுப்போகும் தாயாக நடிக்க முடியாது என்று மறுத்துவிட்டார். அங்கே இப்சனின் எழுத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாததால், வேறு யாராவது கைவைப்பதைவிடத் தாமே கெடுத்துக்கொள்வது மேல் என்று இப்சன் வேறொரு முடிவை எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று அவரே கண்டிக்கவும் செய்தார். மாற்றிய பக்கத்தோடு உங்கள் ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள். பதில் வருவதற்குள் அந்தக் காட்சியை, எழுதியிருக்கிறபடியே ஒருமுறை முழு ஒத்திகை பாருங்கள்; கோளாறு பிரதியிலா, வசனத்தை இன்னும் மனப்பாடம் செய்யாத உங்கள் நடிகரிடமா என்பது அப்போது தெரிந்துவிடும்.