கேட்டு வாங்குங்க: கருகுவது காயிலா, முனையா?

மார்கழி வந்தால் ஹீட்டர் கடிதங்கள் குவியும். இந்த வாரம் சூடேறும் சாமான்கள் மட்டும். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கடைக்காரர்களைத் திட்டிய வரிகளையும் எடுத்துவிட்டேன், சிலது நன்றாகவே இருந்தது என்றாலும்.

கே: வாளியில் போடும் ஹீட்டர் ராடு, 1500 வாட். வாங்கி இரண்டு மாதம்தான். ப்ளக்கில் ஒரு பின் பழுப்பாகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகிவிட்டது. "ராடு நல்லாத்தான் இருக்கு, உங்க வீட்டு சாக்கெட்தான் லூஸ்" என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். (இல்லத்தரசி, சேலம்)

ப: சாக்கெட் தளர்ந்திருந்தாலும் இப்படிக் கருகும், அதனால் அவர் சொன்னதை அப்படியே தள்ளிவிட முடியாது. ஆனால் முதலில் ஒன்று பாருங்கள்: ராடுடன் வந்தது சின்னப் பின் ப்ளக்கா, பெரியதா? 1500-ஐ 230-ஆல் வகுத்தால் ஆறரை ஆம்பியர் வருகிறது. சின்ன ப்ளக் 6 ஆம்பியருக்கானது. சின்ன ப்ளக் வைத்து விற்றிருந்தால் தப்பு உங்கள் வீட்டுச் சுவரில் இல்லை, ராடு செய்த இடத்தில். பெரிய ப்ளக்காக இருந்து, கரண்ட் போகும் இரண்டு பின்னில் ஒன்று மட்டும் கருகியிருந்தால், ஏறக்குறைய அதே வாட் உள்ள வேறொரு சாமானை அதே சாக்கெட்டில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுப் பிடுங்கிப் பாருங்கள். அந்தச் சாமானின் ப்ளக் பின்னும் சுட்டால் குற்றம் சாக்கெட்டில். சுடவில்லை என்றால், ப்ளக்குக்குள் ஒயரும் பித்தளைப் பின்னும் சேரும் இடம் சரியாக அழுத்தப்படவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

கருகிய ப்ளக்கை வெட்டி எறிந்துவிடாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. பில்லோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

கே: "உள்ளே சுத்த காப்பர் காயில், சீக்கிரம் சுடும்" என்று சொல்லி அதிக விலைக்கு ஒரு ராடு தருகிறார்கள். வாங்கலாமா? (கல்லூரி மாணவர், திருச்சி)

ப: வெளிக்குழாய்தான் காப்பர். உள்ளே இருப்பது நைக்ரோம் என்ற கலப்பு உலோகக் கம்பி. செம்புக் கம்பியை அங்கே சுற்றினால் ப்யூஸ்தான் போகும். சீக்கிரம் சுடுவது வாட்டைப் பொறுத்தது, உலோகத்தைப் பொறுத்ததல்ல.

கே: ஆன்லைனில் 199 ரூபாய்க்கு ராடு வாங்கினேன். பில், டப்பா எதுவும் இல்லை, பெயரும் ஞாபகம் இல்லை. தண்ணீரில் கை வைத்தால் சுரீரென்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? (தனியார் ஊழியர், ஓசூர்)

ப: உயிர் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டிருக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கியபின்தான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும். அது எந்த விலை ராடானாலும்.

குளியல் ராடு, இஸ்திரிப் பெட்டி, மின் அடுப்பு, கெய்சர் எல்லாம் 2003-ஆம் ஆண்டு தரக்கட்டுப்பாட்டு ஆணையிலிருந்தே ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாத சாமான்கள். ராடுக்கான தரநிலை எண் ஐ.எஸ். 368. முத்திரைக்கு மேலே அந்த எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை, முத்திரை தரும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் யாருடைய உரிமம், உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். வாங்குவதற்கு முன்னால் ஒரு நிமிட வேலை. ஆர்டர் விவரம் உங்கள் செல்போனிலேயே இருக்குமே, அதையாவது தேடிப் பார்த்தீர்களா? பில் இல்லை, டப்பா இல்லை, பெயர் இல்லை என்று எழுதுகிற உங்களுக்கு நான் என்ன சட்டம் சொல்வது?

கே: டீக்கடையில் காயில் அடுப்பு வைத்திருக்கிறேன். காயில் முனையிலேயே அறுந்து போகிறது. இழுத்து ஸ்க்ரூவில் முறுக்கிவிட்டால் ஓடுகிறது, பத்து நாளில் மறுபடி அறுகிறது. நல்ல காயில் எங்கே கிடைக்கும்? (டீக்கடைக்காரர், விருதுநகர்)

ப: காயில் நல்லதுதான் அண்ணாச்சி. அது உட்காரும் ஸ்க்ரூதான் வெந்து கிடக்கிறது. கருத்துப்போன பித்தளை ஸ்க்ரூ, வாஷர், நட்டு மூன்றையும் மாற்றாமல் நூறு காயில் போட்டாலும் அதே இடத்தில் அறும். இன்னொன்று: திறந்த காயில் அடுப்பில் அலுமினியப் பாத்திரம் காயிலைத் தொட்டால் பாத்திரத்துக்கே கரண்ட் வரும். மூடிய ஹாட் ப்ளேட்டுக்கு மாறுங்கள்.

கே: கவர் தயாரிக்கும் சின்ன யூனிட் நடத்துகிறேன். பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடரின் உருளையை, அதாவது பேரலை, சுற்றி மாட்டும் மைக்கா பேண்ட் (பட்டை) ஹீட்டர்களை உள்ளூரில் ஆர்டர் கொடுத்துச் செய்கிறோம். 750 வாட், 230 வோல்ட். மாதத்துக்கு இரண்டு போய்விடுகிறது. கம்பி மட்டம் என்கிறேன். செய்பவர் நான் சரியாக மாட்டவில்லை என்கிறார். ஆர்டர் சீட்டின் நகல் இணைத்திருக்கிறேன். (சிறுதொழில் செய்பவர், கோவை)

ப: சீட்டைப் பார்த்தேன். வாட், வோல்ட், விட்டம், அகலம் எல்லாம் இருக்கிறது. முனையைப் பற்றி ஒரு வரி இல்லை. இதுதான் என் நெடுநாள் வயிற்றெரிச்சல், ஆகவே கொஞ்சம் நீளமாகப் போகும்.

இந்த ஊரில் எல்லோரும் காயிலைப் பற்றியே பேசுகிறார்கள். விற்பவர் வாட்டைச் சொல்வார், வாங்குபவர் விலையைக் கேட்பார். கம்பி முடிந்து ஒயர் தொடங்கும் அந்த அரை அங்குலத்தை யாரும் திறந்து காட்டுவதில்லை. கொடைக்கானலில் குளிருக்குப் பயந்து நான் ஒரு ரூம் ஹீட்டர் வாங்கினேன். முன்பக்கம் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு குரோம். அணைந்துபோனபின் பின்தகட்டைக் கழற்றினால், நைக்ரோம் முனையையும் செப்பு ஒயரையும் கையாலேயே முறுக்கி, மேலே கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். டேப் பாகாகி வழிந்திருந்தது. காயில் புதுசு மாதிரி இருந்தது.

நைக்ரோம் என்பது பெரும்பாலும் 80 பங்கு நிக்கல், 20 பங்கு குரோமியம். அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் காப்புரிமை பெற்ற கலவை. சூடானதும் அதன்மேல் குரோமியம் ஆக்சைடு மெல்லிய தோலாகப் படியும். ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்திலும் கம்பி எரிந்து போகாமல் காப்பது அந்தத் தோல்தான். முனைக்கு வந்தால் அதே தோல்தான் தொல்லை. அது கரண்டைச் சரியாகக் கடத்தாது. ஈயமும் அதில் ஒட்டாது. ஒட்டினாலும் சாதாரண வெள்ளீய-காரீயக் கலவை 183 டிகிரியில் உருகிவிடும். உங்கள் பேரலோ அதற்கு மேல் ஓடுகிறது.

இப்போது கணக்கு. 750 வாட்டுக்கு 3.26 ஆம்பியர். முனை இணைப்பில் அரை ஓம் தடை சேர்ந்தால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் ஐந்து வாட்டுக்கு மேல் சூடு. காயிலின் 750 வாட் தகடு முழுக்கப் பரவி, பேரலுக்குள் போய்விடுகிறது. இந்த ஐந்து வாட் அரிசி அளவு இடத்தில் போக்கிடம் இல்லாமல் நிற்கிறது. சூட்டில் நட்டு விரியும், ஆறினால் சுருங்கும், நாளடைவில் பிடி தளரும். தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். கடைசியில் கம்பி முனையில் அறுகிறது. நீங்கள் கம்பி மட்டம் என்கிறீர்கள்.

அடுத்த சீட்டில் இவற்றையும் எழுதுங்கள். மைக்காவில் சுற்றிய நைக்ரோம் பட்டையின் கடைசிப் பகுதியை இரட்டையாக மடித்துக் கொண்டுவர வேண்டும். அப்போது ஒவ்வொரு மடிப்பிலும் கரண்ட் பாதி, சூடு கால்வாசி. முனைக்கு வரும்போதே கம்பி ஆறியிருக்கும். அந்த மடிப்பை, ஒயர் மாட்டும் டெர்மினல் தகட்டில் ஸ்பாட் வெல்டு (புள்ளியாக உருக்கி ஒட்டுவது) செய்யச் சொல்லுங்கள், வெறும் ரிவெட் அடித்து விடக் கூடாது. டெர்மினல் போல்ட், நட்டு, வாஷர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும். பித்தளை இந்தச் சூட்டில் கருத்து இளகிவிடும். போல்ட்டின் தலை தகட்டில் நகராமல் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் நட்டை முறுக்கும்போது போல்ட்டும் கூடவே சுற்றி உள்ளே வெல்டைப் பிய்த்துவிடும். உங்கள் ஆட்களிடமும் சொல்லுங்கள்: கீழ் நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டை இன்னொன்றால் முறுக்க வேண்டும். ஒற்றை ஸ்பேனர் வேலை வேண்டாம்.

அங்கே வரும் ஒயர் சாதாரண பி.வி.சி. ஆகக் கூடாது, அது 70 டிகிரி சமாச்சாரம். ஃபைபர் கிளாஸ் உறை போட்ட ஒயர் வாங்குங்கள். ஒயர் முனையில் ரிங் லக் என்ற வளையத்தைப் போட்டு கிரிம்ப் பண்ண, அதாவது நசுக்கிப் பிடிக்க வைக்க, வேண்டும். இங்கே நம் எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு பெருமை உண்டு: இழைகளை முறுக்கி, ஈயம் வைத்து, அதை ஸ்க்ரூவுக்குக் கீழே இறுக்குவது. பார்க்க அழகு. ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும். ஆறு மாதத்தில் ஸ்க்ரூ ஆடும். வீட்டுச் சாமான்களுக்கான ஐ.எஸ். 302 தரநிலையே அழுத்திப் பிடிக்கும் இடத்தில் ஒயரை அப்படி ஈயம் வைத்துக் கட்டியாக்குவதை ஏற்பதில்லை. ஒயரின் கனம் டெர்மினலில் தொங்காமல் பக்கத்திலேயே ஒரு கிளாம்ப்பும் வேண்டும்.

சரக்கு வந்ததும் தடை அளக்கும் மீட்டர் வையுங்கள். ஆறிய நிலையில் 70 ஓம் சுமாருக்குக் காட்ட வேண்டும், கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை. சூடானால் நைக்ரோம் தடை சிறிது ஏறும். முக்கியமான சோதனை: மீட்டர் காட்டிக்கொண்டிருக்கும்போதே டெர்மினலை விரலால் ஆட்டுங்கள். எண் குதித்தால் திருப்பி அனுப்புங்கள்.

செய்பவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பேண்ட் ஹீட்டரை மாட்டி முதல்முறை சூடேற்றியதும் பட்டை விரிந்து பேரலைவிட்டு விலகும். மெயினை அணைத்துவிட்டு கிளாம்ப் போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். இதை உங்கள் யூனிட்டில் யாராவது செய்கிறார்களா? இடைவெளி விழுந்த இடத்தில் கம்பி தன் சூட்டிலேயே வேகும். அப்படிப் போனது நடுவில் அறுந்திருக்கும். செத்த ஹீட்டர்களைப் பிரித்து, முனையில் எத்தனை, நடுவில் எத்தனை என்று பாருங்கள். யார் குற்றம் என்பது மேசை மேலேயே தெரிந்துவிடும்.

கே: எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் கீழே வரும்போது நடுவில் நிற்கிறது. "பிரேக்கிங் ரெசிஸ்டர் போச்சு" என்று ஒரே வருடத்தில் இரண்டு முறை பணம் வாங்கிவிட்டார் ஒப்பந்தக்காரர். பழையதைத் தரவில்லை. (சங்கச் செயலாளர், சென்னை)

ப: பழையதைக் கேட்டு வாங்காதது உங்கள் சங்கத்தின் தாராளம். ஆள் நிறைய ஏறிக் கீழே வரும்போதும், காலியாக மேலே போகும்போதும் லிஃப்ட் மோட்டார் ஜெனரேட்டராக மாறிவிடும். அந்த மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்ப்பதற்குத்தான், மோட்டாரை ஓட்டும் டிரைவ் பெட்டியோடு ஒரு ரெசிஸ்டர். பீங்கான் குழாயில் கம்பி சுற்றி மேலே பூச்சு போட்டிருப்பார்கள். கம்பி போவதைவிட, இரண்டு பக்கமும் உள்ள டெர்மினல் பட்டை அதிர்விலும் சூட்டிலும் தளர்வதுதான் சகஜம். தளர்ந்தாலும் டிரைவ் அதே போல ஓவர் வோல்டேஜ் என்று நின்றுவிடும். நட்டை இறுக்கிவிட்டு புது ரெசிஸ்டருக்குப் பில் போடலாம், யாருக்குத் தெரியும்?

அடுத்தமுறை பழையது கையில் வந்தால்தான் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். புதியதன்மேல் அச்சிட்ட ஓம், வாட் இரண்டையும் டிரைவின் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்களே பெட்டியைத் திறக்க வேண்டாம். அங்கே 600 வோல்ட் டி.சி. அளவுக்கு நிற்கும், மெயினை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

கே: என் அம்மா தனியாக இருக்கிறார், வயது 71. கெய்சர் சுடவில்லை என்று ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். எலிமெண்ட், தெர்மோஸ்டாட், "உள் டேங்க் கோட்டிங்" என்று 4,800 ரூபாய் வாங்கிப் போனார். பில் கேட்டதற்கு நாளை என்றார். பழைய எலிமெண்ட்டை அம்மா எடுத்து வைத்திருக்கிறார். ஒரு முனை மட்டும் கருகியிருக்கிறது. (மகள், தஞ்சாவூர்)

ப: அம்மாவுக்கு என் வணக்கம். பில் தராதவரிடமிருந்து பழையதை வாங்கி வைத்தாரே, அது போதும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் குழாயில் வெடிப்போ துளையோ தெரியவில்லை. கருகியது எலிமெண்ட்டின் தட்டையான ஸ்பேட் முனையில் செருகும் கனெக்டர். மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: 2000 வாட் எலிமெண்ட் என்றால் இரண்டு முனைக்கும் நடுவே 26 ஓம் சுமாருக்கு வர வேண்டும், முனைக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே எதுவும் காட்டக் கூடாது. இரண்டும் சரி என்றால் எலிமெண்ட் மேல் குற்றமில்லை. ஒயர் முனையை வெட்டிப் புது கனெக்டர் போட்டிருந்தால் முடிந்திருக்கும். உள் டேங்க்கின் பூச்சு ஆலையில் சூளையில் சுட்டு வருவது. வீட்டுக் குளியலறையில் யாராலும் போட முடியாது. அந்த வரி சுத்தமான ஏமாற்று.

பணம் ஜிபேயில் போயிருந்தால் அதுவே ரசீது. மெக்கானிக்கின் எண்ணுக்கு, செய்த வேலையின் விவரமும் பில்லும் கேட்டு ஒரு செய்தி அனுப்புங்கள். பதில் வராததும் ஆதாரம்தான். பிறகு 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் வசிக்கும் ஊரிலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அம்மாவின் பெயரில் போடுங்கள். எழுதுவதற்கு உதவி வேண்டுமானால் எனக்கு மறுபடி கடிதம் போடுங்கள், முழுதும் பார்த்துத் தருகிறேன்.

கே: பழைய பெட்டி மாதிரி ஃபேன் ரெகுலேட்டர் இன்னும் ஓடுகிறது. மாற்றச் சொல்கிறான் மகன். (ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி)

ப: மகன் சொல்வது சரி ஐயா. உள்ளே இருப்பது கம்பி சுற்றிய ரெசிஸ்டர். ஒன்றாம் நம்பரில் வைத்தால் மிச்சக் கரண்டை அது பெட்டிக்குள் சூடாக்கி வீணடிக்கும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போடுங்கள். பழையதை எடைக்குப் போடாமல் வைத்திருந்தால் திறந்து பாருங்கள், ஒவ்வொரு கம்பி முனையையும் எவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள் என்று.

கே: கெய்சர் ஒயரை நீட்ட பிளாஸ்டிக் கனெக்டர் போதுமா? (வாசகர், மதுரை)

ப: பீங்கான் கனெக்டர் வாங்குங்கள், 16 ஆம்பியருக்குக் குறையாமல். பிளாஸ்டிக் உருகும்.