ஜோட் குடும்பத்தின் வரவு செலவு: ஸ்டைன்பெக் நாவல் பற்றிக் கேள்வி பதில்

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ (1939) நாவலைப் பற்றி மட்டும் கேளுங்கள். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கம்: ஓக்லஹோமாவில் குத்தகை நிலத்தை இழந்த ஜோட் குடும்பம், பழைய வண்டி ஒன்றில் மூட்டை முடிச்சோடு கலிபோர்னியாவுக்குப் பழம் பறிக்கப் போகிறது. அங்கே வேலையைவிட ஆட்கள் அதிகம். முடிவு வரைக்கும் பேசுவேன். பரீட்சை நோட்ஸ் கேட்பவர்களுக்குப் பதில் வராது.

முதுகலை மாணவி: சார், நடுநடுவே கதையே நகராத அத்தியாயங்கள் வருகின்றன. ஒற்றைப்படை எண்களை விட்டுவிட்டுப் படித்தால் போதும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். சரியா?

பதில்: கணக்கே தப்பு. மொத்தம் 30 அத்தியாயம். அதில் 16 நாட்டு நிலையைப் பொதுவாகச் சொல்லும் பொது அத்தியாயங்கள், 14 ஜோட் குடும்பத்துடையவை. 11 வரைக்கும் ஒற்றைப்படை எல்லாம் பொது. அடுத்து 12-ம் பொதுதான். 13 குடும்பக் கதை, தாத்தா சாவது அதில்தான். பிறகு 14, 15 இரண்டும் பொது. 17-லிருந்துதான் ஒற்றைப்படைக் கணக்கு மறுபடி சரிவரும். உங்கள் சீனியர் சொன்னபடி படித்தால் தாத்தாவை எங்கே புதைத்தார்கள் என்றே தெரியாமல் போகும்.

கணக்கைவிடப் பெரிய சிக்கல், காரணங்கள் எல்லாம் பொது அத்தியாயங்களில்தான் இருக்கின்றன. 5-ல் வங்கியும் டிராக்டரும். 7-ல் பழைய கார் வியாபாரி, தேய்ந்த கியரின் சத்தத்தை அடக்க மரத்தூள் போட்டு விற்கிறான். 9-ல் ஏரும் குதிரையும் அடிமாட்டு விலைக்குப் போகின்றன. இதையெல்லாம் அங்கே சொல்லிவிட்டதால்தான் 10-ல் ஜோட் குடும்பம் எல்லாவற்றையும் விற்று 18 டாலரோடு திரும்புவதை ஆசிரியரால் சில வரிகளில் முடிக்க முடிகிறது. 9-ஐப் படிக்காதவருக்கு அந்த 18 டாலர் வெறும் எண். 3-ம் அத்தியாயத்து ஆமையையும் தாண்டிப் போகாதீர்கள். அடுத்த அத்தியாயத்தில் ஜோட் குடும்பத்து மகன் டாம் அதை எடுத்துக் கோட்டுக்குள் சுருட்டி வைத்துக்கொள்கிறான்.

பொள்ளாச்சிக்காரன்: தூசிப் புயலில் ஊரே அழிந்துபோனதால்தானே கிளம்பினார்கள்? அதையே ஏன் முழு நாவலாக எழுதவில்லை?

பதில்: அதனால் கிளம்பவில்லை. வரைபடத்தை எடுங்கள். ஜோட் குடும்பத்தின் ஊர் சாலிசா, ஓக்லஹோமாவின் கிழக்கு ஓரத்தில், ஆர்கன்சா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. புயல்கள் மோசமாக அடித்தது மேற்குக் கோடியில், கைப்பிடி போல நீண்டிருக்கும் பகுதியிலும், அதை ஒட்டிய கான்சஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ, டெக்சஸ் பகுதிகளிலும். ‘கறுப்பு ஞாயிறு’ என்று பெயர் பெற்ற 14-4-1935 புயலும் அந்தப் பக்கம்தான். 1-ம் அத்தியாயத்தில் தூசியை எழுதி ஆசிரியரே இந்தக் குழப்பத்துக்கு வழி செய்துவிட்டார், அது உண்மை.

சாலிசா பக்கம் பருத்தி, குத்தகைதாரர்கள், வாரக்காரர்கள். 1929-ல் ராத்தலுக்குச் சுமார் 17 சென்ட் இருந்த பருத்தி 1932-ல் ஏறக்குறைய 6 சென்டுக்கு இறங்கியது. விலையை ஏற்ற 1933-ல் வந்த வேளாண் சட்டம், சாகுபடிப் பரப்பைக் குறைத்தால் பணம் தந்தது. நிலச் சொந்தக்காரர் அந்தப் பணத்தை வாங்கினார், குத்தகைதாரரின் பங்கு நிலத்தைத் தரிசு போட்டார், மிச்ச நிலத்துக்கு டிராக்டர் வாங்கினார். ஒரு டிராக்டர் பன்னிரண்டு, பதினான்கு குடும்பங்களின் நிலத்தை உழுதுவிடும் என்று நாவலே சொல்கிறது. ஓட்டுகிறவனுக்கு நாளைக்கு 3 டாலர் கூலி. அவனும் பக்கத்து வீட்டுப் பையன்தான். வறட்சி இந்தக் கணக்கை வேகப்படுத்தியது, அவ்வளவுதான்.

டீசல் மணி: அண்ணே, நமக்கு இலக்கியம் தெரியாது. வழியில் கனெக்டிங் ராட் போன இடத்தை மட்டும் படித்தேன். மரத்தடியில் உட்கார்ந்து அதையெல்லாம் மாற்ற முடியுமா?

பதில்: முடியும். இந்த அமர்வின் நல்ல கேள்வி இதுதான். பழுதானது ஜோட்களின் ஹட்சன் இல்லை, கூட வந்த வில்சன் தம்பதியின் 1925 டாட்ஜ். நியூ மெக்சிகோவில் சாண்டா ரோசா தாண்டியதும் தட்டும் சத்தம் கேட்கிறது. அந்தக் கால எஞ்சின்களில், பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் இந்த ராடின் பெரிய முனையில் இப்போது போலக் கழற்றி மாட்டும் பேரிங் ஷெல் கிடையாது. பாபிட் என்ற மிருதுவான உலோகத்தை உருக்கி வார்த்திருப்பார்கள். ஆயில் குறைந்தாலோ, பாரம் ஏற்றி மேட்டில் இழுத்தாலோ அது நசுங்கி உடையும். தட்டும் சத்தத்தோடு இன்னும் பத்து மைல் ஓட்டினால் கிராங்க் ஷாஃப்டில் கோடு விழுந்துவிடும். பிறகு ரோட்டோரத்தில் செய்ய ஒன்றும் இல்லை. அவர்கள் உடனே நிறுத்தியது அதனால்தான்.

வேலையின் வரிசையும் நாவலில் சரியாக இருக்கிறது: ஆயில் பேனைக் கழற்று, ராடை இறக்கு, பழைய சாமான் கடையில் அதே மாடல் ராடு வாங்கு, தேய்த்துப் பொருத்து, ஷிம் வைத்து இறுக்கு. ஷிம் என்பது ராடுக்கும் மூடிக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய தகடு. ஒன்றை எடுத்தால் பிடி இறுகும், ஒன்றைச் சேர்த்தால் தளரும். கையால் சுற்றும்போது லேசாகப் பிடிக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் சூடேறி மறுபடி உருகும், தளர்த்தினால் மறுபடி தட்டும். முழுசாக ஒரு நாள் வேலை என்று நாவலில் சொல்வது நியாயமான மதிப்பீடு.

அந்த ஒரு நாளுக்காகக் குடும்பத்தைப் பிரித்து அனுப்பலாம் என்று ஆண்கள் யோசனை சொல்லும்போதுதான் அம்மா ஜாக்கியின் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். வீட்டில் யார் பேச்சு செல்லும் என்பது அந்த இடத்தில் மாறிவிடுகிறது. ராடைப் புரிந்துகொள்ளாமல் அந்தக் காட்சிக்கு உரை எழுதும் பேராசிரியர்களைவிட நீங்கள் நன்றாகவே படித்திருக்கிறீர்கள், மணி.

இரவு வாசகர்: படம் பார்த்துவிட்டேன். போதுமா?

பதில்: போதாது. ஜான் ஃபோர்டின் 1940 படத்தில் வரிசையே வேறு. நாவலில் பிழைக்க வந்தவர்களுக்கான அரசு முகாம் முதலில் (அத்தியாயம் 22), பீச் பழத் தோட்டம் பிறகு (26). படத்தில் தோட்டம் முதலில், முகாம் பிறகு. நாவல் இறங்கிக்கொண்டே போகிறது, படம் ஏறி முடிகிறது.

கணக்குப் பிள்ளை: கூலி எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு? அந்தக் காலத்து டாலர் மதிப்பு தெரியாததால் ஏழ்மையின் அளவு பிடிபடவில்லை.

பதில்: டாலரை ரூபாயாக மாற்றிப் பார்க்காதீர்கள். நாவலுக்குள்ளேயே வரவும் செலவும் இருக்கின்றன. பென்சிலும் கையுமாகப் படிக்க வேண்டிய புத்தகம் இது.

கிளம்பும்போது கையில் 154 டாலர். வண்டியில் காசி என்ற பழைய போதகரையும் சேர்த்து 13 பேர்.

அவர்களை இழுத்தது ஒரு நோட்டீஸ். 16-ம் அத்தியாயத்தில் கலிபோர்னியாவிலிருந்து திரும்பி வரும் ஒருவன் அதன் கணக்கை விளக்குகிறான். தோட்டக்காரனுக்குத் தேவை 800 பேர். அவன் அடிப்பது 5,000 நோட்டீஸ். பார்ப்பவர்கள் ஒரு 20,000 பேர், கிளம்புகிறவர்கள் இரண்டு மூவாயிரம். வாசலில் அத்தனை பேர் பசியோடு நிற்கும்போது கூலியை யார் நிர்ணயிப்பார்கள்?

பீச் தோட்டத்தில் பெட்டிக்கு 5 சென்ட். முதல் நாள் பிற்பகல் குடும்பமே பறித்து ஒரு டாலர் சேர்க்கிறது, அதாவது 20 பெட்டி. பழம் நசுங்கியிருந்தால் பெட்டி தள்ளுபடி. அந்த டாலருக்குத் தோட்டத்துக் கடையில் அம்மா வாங்குவது: கொத்திய இறைச்சி 2 ராத்தல் 40 சென்ட், ரொட்டி 15, உருளைக்கிழங்கு 25, காப்பித்தூள் 20. கூட்டிப் பாருங்கள். சர்க்கரைக்குக் காசில்லை. கடைக்காரன் தன் கையிலிருந்து 10 சென்ட் போடுகிறான். வெளியே டவுனில் விலை குறைவு, ஆனால் போய்வர பெட்ரோல் வேண்டும். கூலி எங்கே கிடைக்கிறதோ அங்கேயே திரும்பிப் போய்விடுகிறது.

அந்த 5 சென்ட்கூட வேலைநிறுத்தத்தை உடைக்கத் தற்காலிகமாகக் கொடுத்தது. வெளியே நிற்கிறவர்களுக்குச் சொன்ன விலை இரண்டரை சென்ட். நிறுத்தம் உடைந்ததும் எல்லோருக்கும் அதே இரண்டரை. அதே டாலருக்கு இப்போது 40 பெட்டி.

தோட்டக்காரர்களெல்லாம் கொடியவர்கள் என்று எழுதுகிறவர்கள் 22-ஐ மறுபடி படிக்கவும். தாமஸ் என்ற சிறு விவசாயி மணிக்கு 30 சென்ட் கொடுத்துவந்தவர். 25-ஆகக் குறைக்காவிட்டால் அடுத்த ஆண்டு பயிர்க்கடன் கிடையாது என்கிறது வங்கியின் பிடியில் இருக்கும் சங்கம். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே குறைக்கிறார்.

கயல்: நம் ஊர்க் கங்காணிகள் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்ததும் இதுவும் ஒன்றுதானே?

பதில்: ஏற்பாடு வேறு. கங்காணி முன்பணம் கொடுத்து, கடனில் கட்டி ஆளைக் கொண்டுபோனார். கலிபோர்னியாவில் முன்பணமே கிடையாது, ஆள் தன் செலவில் வந்து சேர்ந்தான். கடன் பிறகு தோட்டத்துக் கடையில் ஆரம்பிக்கிறது. தேயிலைத் தோட்டம் பற்றித் தனியாக ஓர் அமர்வு வையுங்கள்.

நெல்லை ராஜன்: தூசிப் புயல் பற்றிக் கொஞ்சம் விரிவாக?

பதில்: மேலே பார்க்கவும். சாலிசா கிழக்கில் இருக்கிறது.

பழைய புத்தகம்: எல்லாரும் தலையில் வைத்து ஆடுகிறீர்கள். சனோரா பாப் என்ற பெண்ணின் குறிப்புகளைத் திருடி எழுதியதுதானே இந்த நாவல்? அவருடைய புத்தகம் 65 வருஷம் அச்சாகவில்லை.

பதில்: இரண்டு விஷயத்தைச் சேர்த்துக் கட்டுகிறீர்கள். புத்தகம் முடங்கியது உண்மை. ரேண்டம் ஹவுஸின் பென்னட் செர்ஃப் அதை வெளியிடத் தயாராக இருந்தார். 1939-ல் ஸ்டைன்பெக் நாவல் விற்றுத் தீர்ந்ததும், ஒரே விஷயத்துக்கு இரண்டு நாவலைச் சந்தை தாங்காது என்று கைவிட்டார். ‘ஹூஸ் நேம்ஸ் ஆர் அன்னோன்’ என்று அது வெளிவந்தது 2004-ல். மறு வருடம் ஆசிரியர் காலமானார். திருட்டு என்பது வேறு குற்றச்சாட்டு, அதற்கு வேறு ஆதாரம் வேண்டும்.

பழைய புத்தகம்: குறிப்புகளை டாம் காலின்ஸ் ஸ்டைன்பெக்கிடம் கொடுத்தார் என்று பாப்பே சொல்லியிருக்கிறாரே?

பதில்: சொன்னார். காலின்ஸ் அரசு முகாம்களின் நிர்வாகி, பாப் 1938-ல் அவரோடு வேலை செய்தவர். ஆனால் தேதிகளை வையுங்கள். ஸ்டைன்பெக் காலின்ஸைக் கலிபோர்னியாவின் ஆர்வின் முகாமில் சந்தித்தது 1936-ல். அந்த அக்டோபரிலேயே ‘சான் பிரான்சிஸ்கோ நியூஸ்’ நாளிதழில் ஏழு கட்டுரைகள் எழுதிவிட்டார். கூடாரம், கழிப்பறை, பட்டினிக் குழந்தைகள், அரசு முகாமின் நிர்வாகம் எல்லாம் அதிலேயே வந்தாயிற்று. நாவலை எழுதியது 1938 மே கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை. பாப்பின் குறிப்புகள் கையில் இருந்திருந்தாலும், இருவரும் ஒரே முகாம்களில், ஒரே மனிதரின் உதவியோடு நின்றவர்கள். காட்சிகள் ஒத்துப்போகாமல் இருந்தால்தான் அதிசயம்.

முதுகலை மாணவி: அப்படியானால் நன்றி சொல்ல வேண்டியவர்களில் ஒருவரை விட்டுவிட்டாரே சார்? அது தப்பில்லையா?

பதில்: நியாயமான கேள்வி. சமர்ப்பணத்தில் மனைவி கேரலும் டாமும் இருக்கிறார்கள். அந்த டாம், காலின்ஸ்தான். கேரல் கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்தார், தலைப்பையும் அவர்தான் கண்டுபிடித்தார். பாப் பெயர் இல்லை. அதைக் குறை சொல்லுங்கள், நானும் கூட நிற்கிறேன். ‘திருட்டு’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

பழைய புத்தகம்: ஆணுக்கு நோபல், பெண்ணுக்கு மூட்டை கட்டிய பிரதி. நீங்கள் ஸ்டைன்பெக்குக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்.

பதில்: பதிப்பாளர் செய்ததை ஆசிரியர் தலையில் போடாதீர்கள் என்கிறேன். பாப் நாவலைப் படியுங்கள், இரண்டும் எவ்வளவு வேறு என்று தெரியும். அவர் வளர்ந்தது அந்த மேற்குக் கோடியில். அவர் நாவலில் பாதிக்கு மேற்பட்ட பகுதி அங்கேயே நடக்கிறது. ஜன்னல் இடுக்கில் துணி திணிப்பது, கோதுமை கருகுவது எல்லாம் உள்ளிருந்து எழுதியவை. நெல்லை ராஜனும் பொள்ளாச்சிக்காரனும் தேடும் தூசி அங்கேதான் இருக்கிறது.

டீசல் மணி: ரெண்டு பேரும் நிறுத்துங்கப்பா. அந்தக் கடைசிக் காட்சி எதுக்கு?

பதில்: பிள்ளை செத்துப் பிறந்த ஜோட் வீட்டு மகள் ரோஸ் ஆஃப் ஷாரன், வெள்ளத்துக்கு ஒதுங்கிய கொட்டகையில் பட்டினியால் சாகக் கிடக்கும் முன்பின் தெரியாத ஆளுக்குப் பால் கொடுக்கிறாள். பதிப்பாசிரியர் பாஸ்கல் கோவிச்சியே மாற்றச் சொன்னார், அந்த ஆள் குடும்பத்துக்குத் தெரிந்தவனாகவாவது இருக்கட்டும் என்று. ஸ்டைன்பெக் மறுத்தார். தெரிந்தவனாக இருந்தால் அது உறவுக்குள் செய்கிற உதவி, அத்தோடு முடிந்துவிடும். ஆரம்பத்திலிருந்து குடும்பத்தின் எல்லை விரிந்துகொண்டே வந்திருக்கிறது: முதலில் காசி, பிறகு வில்சன்கள், பிறகு முகாம். கடைசியில் பெயர்கூடத் தெரியாதவன்.

இரவு வாசகர்: புத்தகத்தைத் தடை செய்தார்களாமே? அரசு முகாம் நிஜமா?

பதில்: கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்ட நிர்வாகக் குழு 1939 ஆகஸ்டில் 4-க்கு 1 என்ற வாக்கில் நூலகங்களிலும் பள்ளிகளிலும் தடை செய்தது. மாவட்ட நூலகர் கிரெட்சன் நீஃப் எதிர்த்துக் கடிதம் எழுதினார். தடை 1941 ஜனவரி வரை நீடித்தது. ஜோட்கள் வந்து இறங்கும் பேக்கர்ஸ்ஃபீல்டும், 22-ல் வரும் வீட்பேட்ச் முகாமும் அதே மாவட்டத்தில்தான். முகாம் நிஜம், ஆர்வினுக்குப் பக்கத்தில். நாவலில் வாடகை வாரத்துக்கு ஒரு டாலர், இல்லாதவர்கள் குப்பை அள்ளிக் கழித்துக்கொள்ளலாம். வாரண்ட் இல்லாமல் போலீஸ் உள்ளே வர முடியாது. ஒழுங்கைப் பார்ப்பது குடியிருப்பவர்கள் தேர்ந்தெடுத்த குழு.

நெல்லை ராஜன்: அப்போ தூசிப் புயல்...

பதில்: பாப் நாவலை வாங்குங்கள்.