கண்புரை ஆபரேஷனோடு கிளாக்கோமாவுக்கும் சேர்த்து ஸ்டென்ட் வைப்பது ஏன்?

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் (கண்ணீர் அல்ல) ஓயாமல் சுரந்து, கருவிழி ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிகிறது. வடிவது குறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சேதமாகும். பெரும்பாலும் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) வருவது இப்படித்தான். அடைத்துக்கொண்ட வாஷ்பேசினில் குழாயைத் திறந்தே வைத்த கதைதான். ஆனால் கண்ணில் நீர் வழிந்தோடவும் இடமில்லை.

கண்புரை எடுக்க எப்படியும் 2-3 மில்லிமீட்டரில் ஒரு கீறல் போடுகிறார்கள். புரையை நீக்கி லென்ஸ் வைத்த கையோடு, அதே கீறல் வழியாகச் சுமார் 1 மில்லிமீட்டர் ஸ்டென்ட்டை (நீர் வடிய வழிவிடும் நுண்குழாய்) அந்தச் சல்லடையில் பொருத்திவிடலாம். இன்னொரு ஆபரேஷன் மிச்சம். பெரும்பாலும் ஆரம்ப, நடுத்தர நிலைக்குத்தான் இது. முற்றிய நோய்க்குப் பொதுவாகப் போதாது.

அப்புறம், பார்வை பளிச்சென்று ஆவது புரை போனதால்தான். கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது, சிலருக்குச் சொட்டு மருந்தும் தொடரும்.