ஃப்ளேர் கழற்றிய ஓட்டையில் வெறும் புட்டிப் பசை வைக்காதீர்கள்

அண்ணே, ஹைலக்ஸ் பிக்கப்பில் வெளுத்துப்போன ஃபெண்டர் ஃப்ளேரை, அதாவது சக்கர வளைவின் ஓரத்தில் மாட்டும் பிளாஸ்டிக் பட்டையை, கழற்றிவிட்டு, ஸ்க்ரூ ஓட்டைகளைப் புட்டியால் (பள்ளம் நிரப்பும் பசை) அடைத்து ஸ்ப்ரே அடித்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. புட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்னால் தகரம் இல்லாத ஓட்டையில் வைத்தால், நம் பினாங்கு மழைக்கும் கடற்காற்றுக்கும் பெயின்ட் கொப்பளித்துவிடும். நானும் அப்படிச் செய்துவிட்டு, இங்கே ஜெலுத்தோங் பட்டறையில் இரண்டாவது தடவை காசு கொடுத்து அழுதவன்தான்.

முதலில் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் லைனரைக் கழற்றி, ஓட்டையின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். துரு ஒளிந்திருப்பது அங்கேதான். ஃப்ளேரின் ஒட்டு டேப் விடாமல் பிடித்தால் ஹேர் டிரையரால் சூடாக்கி, தூண்டில் நரம்பை இடையில் விட்டு ரம்பம்போல் இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயின்ட் போச்சு.

துருவைத் தேய்த்து நல்ல தகரம் தெரிந்தபிறகு, வெல்டிங்கில் அடைப்பதுதான் நிற்கும். பின்னால் செம்புத் துண்டு ஒன்றை அணைத்துப் பிடித்து, பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைக்கப் பட்டறைக்காரரிடம் சொல்லுங்கள். செம்பில் வெல்டிங் ஒட்டாது. ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் தகரம் நெளிந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றினார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அப்புறம் எபாக்சி பிரைமர் (ஈரம் புகாத அடிப்பூச்சு), மெல்லிய புட்டி, பெயின்ட். உள்பக்கத்துக்கு மெழுகு ஸ்ப்ரே.

இன்னொன்று, ஃப்ளேர் மறைத்திருந்த இடம் மட்டும் புது நிறமாகத் தெரியும், அதனால் முழு ஃபெண்டரையும் அடிக்க வேண்டிவரும். அந்தச் செலவு கையைக் கடித்தால், அதே அளவில் புது ஃப்ளேர் வாங்கிப் பழைய ஓட்டையிலேயே மாட்டிவிடுங்கள். துருவை மட்டும் விட்டுவைக்காதீர்கள்.