ரீமேப் போட்ட கடை போனை எடுக்கவில்லை: இப்போது என்ன செய்வது?

கடலூர் மஞ்சக்குப்பம் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “என்னுடையது 2015 ஸ்விஃப்ட் டீசல், லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. பாண்டியில் ஒரு டியூனிங் கடையில் ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகங்களை மாற்றாமல், இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவின் சாஃப்ட்வேர் ஃபைலை மட்டும் மாற்றி பவரைக் கூட்டுவது) போட்டேன். பிக்கப் பிரமாதம். ஆனால் ஒரு மாதத்துக்குள் செக் இன்ஜின் லைட் எரிய ஆரம்பித்தது. ஓவர்டேக் பண்ண மிதித்தால் சட்டென்று இழுவை போய்விடுகிறது, வண்டியை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிறது. கடையில் கேட்டால் ‘டர்போ பழசு சார், எங்க ஃபைல்ல தப்பில்ல’ என்கிறார்கள். பழைய ஃபைலையே திரும்பப் போடச் சொன்னேன், அதிலிருந்து போனை எடுப்பதில்லை. என்ன செய்யலாம்? ஒழுங்கான கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?”

முதலில் வண்டியைப் பார்ப்போம், அப்புறம் கடைக்கு வருவோம். நீங்கள் சொல்வது லிம்ப் மோட். ஏதோ ஒரு அளவு எல்லை தாண்டுவதைப் பார்த்து, இன்ஜினைக் காப்பாற்ற ஈசியூ தானாகவே பவரைக் குறைக்கிறது. அதனால் காரணம் தெரியும்வரை அழுத்தி ஓட்டாதீர்கள், முக்கியமாக லாரிக்குப் பின்னால் நின்று ஓவர்டேக் எடுக்காதீர்கள். அப்புறம், பக்கத்து மெக்கானிக்கிடம் போய் ‘லைட்டை மட்டும் அணைச்சுக் கொடுங்க’ என்று சொல்லிவிடாதீர்கள். ஈசியூ பதிந்து வைக்கும் கோளாறு எண்ணான ‘கோடை’ அழித்தால், அது விழுந்த நொடியில் ஆர்பிஎம் என்ன, அழுத்தம் என்ன என்று பதிவாகியிருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரமும் சேர்ந்து அழிந்துபோகும். உங்கள் கையில் இருக்கும் ஒரே நல்ல சாட்சி அதுதான்.

கடலூரிலேயே நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும், அந்தக் கடையோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் கோடைப் படிக்கச் சொல்லி, திரையைப் போட்டோ எடுத்து வையுங்கள். பி0234 என்றால் இன்ஜினுக்குள் டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம் அளவுக்கு மேல் போகிறது, ஃபைல் மேல் முதல் சந்தேகம் வரலாம், டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வு சிக்கிக்கொண்டிருந்தாலும் வரும். பி0299 என்றால் அழுத்தம் போதவில்லை: ஹோஸ் கிழிசல், கிளாம்ப் தளர்வு, இல்லை உண்மையாகவே டர்போ தேய்மானம். பி0087 என்றால் இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகும் ரெயில் குழாயில் அழுத்தம் குறைகிறது: டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது பம்பால் கொடுக்க முடியாத அளவை ஃபைல் கேட்கலாம். கோடு மட்டும் தீர்ப்பு சொல்லாது. தீர்ப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோவது ஒரே ஒரு சோதனை. ஒரிஜினல் ஃபைலைத் திரும்ப ஏற்றி, அதே சாலையில் அதே கியரில் ஓட்டிப் பார்ப்பது. கோளாறு தொடர்ந்தால் வண்டியைப் பாருங்கள், நின்றுவிட்டால் ஃபைலைப் பாருங்கள். இதைக் கடைக்காரர்தான் தானாக முன்வந்து இலவசமாகச் செய்திருக்க வேண்டும். அவர் மறுத்தாலும் வழி இருக்கிறது: ஈசியூவின் சாஃப்ட்வேர் நம்பரை வைத்து வேறொரு நல்ல டியூனரால் அதற்கான ஸ்டாக் (ஒரிஜினல்) ஃபைலைத் தேடி ஏற்ற முடியும்.

சரி, ‘டர்போ பழசு’ என்ற பதிலுக்கு வருவோம். அது உண்மையாகவே இருக்கலாம், லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. ஆனால் அதை இப்போது சொல்வதில்தான் கடையின் லட்சணம் தெரிகிறது. பணம் வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டிய விஷயம் அது. உங்கள் வண்டியின் 1248 சிசி இன்ஜின் சுமார் 75 குதிரைத்திறனும் 190 என்எம் டார்க்கும் தரும்படி, சின்ன ஃபிக்ஸட் டர்போவோடு வந்தது. அதன்மேல் கூடுதல் சுமை ஏற்றுகிறவர் முதலில் ஸ்கேனரை மாட்டி ஒரு ரவுண்டு ஓட்டி, ஈசியூ கேட்கும் அழுத்தமும் உண்மையில் கிடைக்கும் அழுத்தமும் ஒத்துப்போகிறதா, கிளட்ச் நழுவுகிறதா, டீசல் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றியது என்றெல்லாம் பார்த்து, ‘சார், கிளட்ச்சைப் போட்டுட்டு அடுத்த மாசம் வாங்க, இப்ப ரீமேப் வேணாம்’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தால் அதைத்தான் நான் நல்ல சர்வீஸ் என்பேன். ஏசி ரூமும் இலவச காபியும் எனக்குக் கணக்கில்லை.

கடையை எடைபோட ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன், டெக்னிக்கல் அறிவே தேவையில்லை. ஃபைல் ஏற்றும்போது பேட்டரிக்குத் துணையாக ஒரு பவர் சப்ளை மாட்டுகிறார்களா என்று பாருங்கள். எழுதும் நேரத்தில் வோல்டேஜ் விழுந்தால் ஈசியூ பாதியில் செத்துப்போக வாய்ப்பு இருக்கிறது. லேப்டாப்பையும் கேபிளையும் மட்டும் எடுத்துக்கொண்டு ‘டீ குடிச்சிட்டு வாங்க, முடிஞ்சிடும்’ என்கிறவர் உங்கள் வண்டியை வைத்து அதிர்ஷ்டம் பார்க்கிறார்.

அடுத்தது, நம்பர் சொல்லும் விதம். டர்போ டீசலில் ஸ்டேஜ் 1-க்கு நல்ல வித்தியாசம் தெரியும், மறுப்பதற்கில்லை. ஆனால் டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் வண்டிக்கும் முப்பது சதவீதம் கூடும் என்று ஒருவர் அடித்துச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். டைனோ ஷீட் (மெஷினில் வண்டியின் பவரை அளந்த தாள்) கொடுத்தால், உங்கள் வண்டியின் முன்–பின் அளவு இரண்டும் ஒரே நாளில் ஒரே மெஷினில் எடுத்ததா என்று கேளுங்கள். வேறு யாருடைய வண்டியின் கிராஃபையோ போனில் காட்டுவது கணக்கில் சேராது.

சட்ட விஷயத்தை மறைக்கிற கடையும் மோசமான கடைதான். அனுமதியில்லாத மாற்றம் செய்த வண்டி உரிமையாளருக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாட்டுவது கடைக்காரர் இல்லை, நீங்கள். 2020 ஏப்ரலில் கட்டாயமான பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில், புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரைக் கழற்றித் தருகிறேன் என்று ஆசை காட்டுகிறவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். வாரன்டியில் இருக்கும் வண்டி என்றால், கம்பெனி சர்வீஸ் சென்டர் கண்டுபிடித்து வாரன்டியை மறுக்கலாம் என்பதையும் கடைக்காரரே முதலில் சொல்ல வேண்டும்.

நம் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. வேறு எங்கோ ஏற்கெனவே டியூனிங் பாக்ஸ் (பவரைக் கூட்ட வெளியிலிருந்து மாட்டும் கருவி) மாட்டியதை மறைப்பது, பில் வேண்டாம் விலையைக் குறையுங்கள் என்று பேரம் பேசுவது, இதெல்லாம் செய்துவிட்டுப் பிறகு கடைக்காரரைத் திட்டுவதில் பலனில்லை. பில் இல்லையென்றால் பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் பத்திரமாக வையுங்கள். ‘நாலு நாள் ஓட்டுங்க, தானா செட் ஆயிடும்’ என்ற வாய்ஸ் மெசேஜ் இருந்தால் இன்னும் நல்லது. லைட் எரிய ஆரம்பித்த வண்டி தானாக செட் ஆகாது.

கடைக்கு ஒரே ஒரு மெசேஜ் எழுத்தில் அனுப்புங்கள், திட்டு வேண்டாம். ரீமேப் போட்ட தேதி, கொடுத்த தொகை, லைட் எரிந்த தேதி, கோடு, போட்டோ. கேட்பது இரண்டு: ஸ்டாக் ஃபைலை ஏற்றிச் சோதித்துக் காட்டுவது, கோளாறு ஃபைலில் என்றால் பணத்தைத் திருப்புவது. பதிலுக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேலும் போக வேண்டுமென்றால், கடை பாண்டியில் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், ஆக கடலூர் மாவட்ட ஆணையமே போதும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்பு ‘ரீமேப்பே விதிமீறல்தானே’ என்று திருப்பக்கூடும், அதனால் ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு இறங்குங்கள். பெரும்பாலும் 1915 புகார் எண்ணை அனுப்பியதுமே போனை எடுத்துவிடுவார்கள் என்பது என் கணிப்பு. எடுத்தால் வண்டியை விடும் முன் ஓடோமீட்டரையும் கோடையும் போட்டோ எடுங்கள், ஸ்டாக் ஃபைலின் காப்பியை உங்கள் பென்டிரைவில் வாங்காமல் சாவியோடு கிளம்பாதீர்கள்.