எங்கே போனாலும் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்களே, கொடுக்காமல் இருக்க முடியுமா?

சட்டப்படி பல இடங்களில் முடியும். ஆனால் மதுரை வெயிலில் வரிசையில் நிற்கும்போது, பின்னால் பத்துப் பேர் உச்சுக்கொட்டிக்கொண்டிருக்க, கவுண்டரில் இருப்பவரிடம் சட்டம் பேச முடியுமா என்று கேட்டால், எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். 2018 செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பு, அரசு நலத்திட்டங்களுக்கும் பான் இணைப்புக்கும் ஆதாரைக் கேட்கலாம், வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. அதனால் லாட்ஜில் ரூம் போடும்போது நான் டிரைவிங் லைசென்ஸைத்தான் நீட்டுவேன். பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறார்கள்.

எனக்கு நிஜமான பயம் கேட்கிறவர்களிடம் இல்லை, ஜெராக்ஸ் கடையில்தான். சிம்மக்கல் பக்கம் நான் போகிற கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதில் காலையிலிருந்து ராத்திரி வரை வாட்ஸ்அப் திறந்தே கிடக்கும். யார் வந்தாலும் "இந்த நம்பருக்கு ஒரு ஹாய் போடுங்கண்ணே". போன மாதம் எனக்கு முன்னால் நின்ற அக்கா தன் ஆதார் பிடிஎஃப்பை அனுப்பினார். அது பாஸ்வேர்ட் கேட்டது. பேரின் முதல் நாலு எழுத்து இங்கிலீஷில், பெரிய எழுத்தாக, அப்புறம் பிறந்த வருஷம், இவ்வளவுதான் அந்தப் பாஸ்வேர்ட். வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைப்படி மேலே வைத்துவிட்டுப் போகிற பூட்டு. கடைக்காரத் தம்பி சத்தமாக, "அக்கா, எந்த வருஷம்?" அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாக "எழுபத்தொம்பது" என்றார். "எழுபத்தொம்பதா! தெரியவே இல்லையேக்கா" என்று தட்டினான். வரிசையில் எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அப்புறம் அந்தத் திரையை எட்டிப் பார்த்தேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஆதார், பான், சாதிச் சான்று, யாரோ ஒருவரின் பேங்க் பாஸ்புக், எவருடையதோ ஸ்கேன் ரிப்போர்ட் என்று அது பாட்டுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தது. நம் போனில் 'அனைவருக்கும் நீக்கு' அழுத்தினால் சாட்டில் இருந்துதான் போகும், அந்த ஃபோல்டரில் இறங்கியது இறங்கியதுதான்.

இதைத்தான் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே மாதம் ஒரு அறிவிப்பில் எச்சரித்தது: கண்டவர்களுக்கும் நகல் கொடுக்காதீர்கள், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள், நெட் சென்டர் கம்ப்யூட்டரில் இறக்கினால் மறக்காமல் அழித்துவிடுங்கள் என்று. ரெண்டே நாளில், மக்கள் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு இருக்கிறது என்று மத்திய அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. அந்த மூன்று விஷயத்தில் எதைத் தப்பாகப் புரிந்துகொள்வது என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

ஆனால் மாஸ்க்டு ஆதார் வசதி இன்னமும் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு அம்மாவின் வேலையாக ஒரு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "என்ன சார், நம்பரை அழிச்சிட்டுக் கொண்டாந்திருக்கீங்க?" என்றார். அழிக்கவில்லை சார், கவர்மென்ட்டே இப்படித்தான் தருகிறது என்றேன். "அதெல்லாம் இங்க செல்லாது. ஒரிஜினல் ஜெராக்ஸ் கொண்டு வாங்க." ஒரிஜினல் ஜெராக்ஸ்! எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டேன், அவ்வளவுதான், நான் ஏதோ அவர் சம்பளத்தை விசாரித்த மாதிரி முகம் மாறிவிட்டது. அம்மா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து, "குடுத்துத் தொலைடா, நம்ம வேலை ஆகணும்ல" என்றார். கொடுத்தேன். என்ன வேலைக்கு, எந்தத் தேதியில் கொடுக்கிறேன் என்று நகலின் மேலே குறுக்காகப் பேனாவால் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். நீங்களும் அதையாவது செய்யுங்கள், வேறு இடத்தில் அந்தத் தாளை அப்படியே நீட்டுவது கொஞ்சம் கஷ்டமாகும்.

கடைசியில் இந்த ஜெராக்ஸ் கடை சங்காத்தமே வேண்டாம் என்று வீட்டுக்கே ஒரு பிரிண்டர் வாங்கிவிட்டேன். விஷயம் ஒரு வாரத்தில் தெரு முழுக்கப் பரவி, "தம்பி, வாட்ஸ்அப்புல அனுப்பிருக்கேன், ஒரு பிரிண்டு எடுத்துக் குடுப்பா" என்று ஆரம்பித்துவிட்டார்கள். கொஞ்ச நாளிலேயே என் போனில் பதினோரு பேருடைய ஆதார் சேர்ந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒன்றுவிடாமல் அழித்தேன். திங்கட்கிழமை காலையில் மாடி வீட்டு அத்தை வந்து நின்று, "போன மாசம் அனுப்புனேனே, அது உன்கிட்ட இருக்கும்ல, அதுலயே இன்னும் ரெண்டு எடுத்துக் குடு" என்றார். அழித்துவிட்டேன் என்றதும் அவர் என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை.